மறக்க முடியாத நாளும் மறந்துபோன மாலையும்

தமிழ்ப்பள்ளிக் கட்டுரை ஏடுகளில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறும் தலைப்புகளுள் 'மறக்க முடியாத நாள்' என்பது ஒன்று. மாணவர் அதற்கு எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கும். குடும்பத்தோடு லங்காவித் தீவுக்குச் சென்ற நாள், கேமரன் மலைக்குச் சென்ற நாள், தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறிய நாள், பரிசளிப்பு விழாவில் மேடையேறிய நாள் ஆகியவையே மறக்க முடியாத நாள்கள். அந்நாள்களில் கதிரவன் தவறாது தன் பொற்கதிர்களைப் பரப்புவான். பறவைகள் இன்னிசை எழுப்பும். மாணவரின் உள்ளம் உவகைக் கடலில் நீந்தும். இரவு பெய்த மழையில் மின்சாரம் நின்றுபோக, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தந்தை சுவரில் கைந்நிழலால் மானும் கோழியும் காட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை அத்தலைப்பின்கீழ் வருவது மிக அரிது.

இது மாணவரின் குற்றமன்று. இல்லத்து மகிழ்ச்சி விழாவிலும் விடுமுறையிலும் வெற்றியிலும் மட்டுமே விளைவது. எஞ்சிய நாள்களெல்லாம் அவற்றை ஈட்டுவதற்காக உழைத்துக் கழிக்க வேண்டியவை என்னும் எண்ணத்தை வீடும் பள்ளியும் சேர்ந்தே அவர்களுக்கு ஊட்டியிருக்கின்றன. அவ்வெண்ணம் தவறானது, தீங்கானதுங்கூட. ஓராண்டில் விழாவும் விடுமுறையும் போக எஞ்சும் நாள்கள் முந்நூறுக்கு மேல். முந்நூறு நாள்களை ஒத்திவைத்துவிட்டு மீந்தவற்றில் வாழ முயலும் குடும்பத்தை மகிழ்ச்சியான குடும்பம் என்று எந்தக் கணக்கால் கூறுவது?

இன்றைய ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பொழுதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் எழுகிறான். வேன் வருகிறது. பள்ளி முடிந்து வீடு திரும்பிய சிறிது நேரத்தில் டியூஷன்; ஒரு நாள் கணிதம், ஒரு நாள் மலாய்மொழி, ஒரு நாள் ஆங்கிலம். வார இறுதியில் கராத்தேயோ பரதமோ உண்டு. இரவில் தொலைக்காட்சியின் எதிரே தனித்தனித் தட்டுகளில் உணவு. இதற்கிடையே தாயும் தந்தையும் அவனிடம் பேசும் தமிழ் எவ்வளவு? எழு, குளி, கிளம்பு, எழுது, சாப்பிடு, படு. ஆசிரியர்கள் கூர்ந்து நோக்கின் இவை அனைத்தும் ஏவல் வினை என்பது புலப்படும். பெயரெச்சமும் வினையெச்சமும் உவமையும் விடுகதையும் உடைய ஒரு மொழியில் வீட்டுக்கு வந்துசேர்வது ஏவல் ஒன்றுதான். பிறகு, பிள்ளை தமிழில் மறுமொழி சொல்வதில்லை என்று பெற்றோர் பள்ளிக்கு வந்து வருந்துகின்றனர். ஏவலுக்குத் தலையாட்டப் பிள்ளைக்கு மொழி எதற்கு? மொழி வேண்டுவது கேலி பேசவும், கதை கேட்கவும், பொய்க்கோபம் கொள்ளவும், அன்று வகுப்பில் நடந்ததை மூன்று மடங்கு பெரிதாக்கிச் சொல்லவும் அன்றோ? அவற்றுக்கு நேரமில்லாத வீட்டில் மாதந்தோறும் மொழிவிழா நடத்தினாலும் தமிழ் தங்காது.

தேர்வுகள்தாம் இதற்குக் காரணம் எனப் பல்லாண்டுகளாகக் கூறிவந்தனர். 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டே பி.டி.3 தேர்வும் அகற்றப்பட்டது. மாலைப்பொழுது வீட்டுக்குத் திரும்பி வந்ததா? டியூஷன் பலகைகள் கழற்றப்படவில்லை. காரணம் போன பின்னும் காரியம் போகவில்லையெனின், கூறப்பட்ட காரணம் உண்மைக் காரணம் அன்று என்பது வெளிப்படை. உண்மைக் காரணம் அச்சம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களாக மாற்றப்பட்டும், காலூன்ற இடமின்றி நகரின் ஓரங்களுக்கு வந்துசேர்ந்த ஒரு சமுதாயம், மீண்டும் கீழே வழுக்கிவிடுவோமோ என அஞ்சுவது இயற்கையே. அவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது அறமாகாது. ஆயினும் அச்சத்தின் பெயரால் செய்வதெல்லாம் சரியாகிவிடாது.

'எங்கள் பெற்றோர் பால்மரம் சீவினர்; அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்களா? தம் மகிழ்ச்சியைத் துறந்ததனால்தானே நாங்கள் ஆளானோம்?' என்று கேட்பார் உளர். வலிமையான கேள்விதான். அதற்கு விடை அவர்களின் பேச்சிலேயே கிடைக்கும். தோட்டத்தில் வளர்ந்த முதியவர்கள் திருமண வீட்டிலோ துக்க வீட்டிலோ ஒன்றுகூடும்பொழுது எதைப் பேசுகின்றனர்? பெரட்டுக்களத்தின் கெடுபிடியைப் பேசுவர். கங்காணியின் வசவைப் பேசுவர். பிறகு பேச்சு மெல்லத் திரும்பும். தாய் காண்டா வாளியை இறக்கிவைத்துவிட்டு வந்து, கைகளில் ரப்பர்ப்பால் வாடை நீங்காமலே தலைவாரிப் பின்னிவிட்டதைப் பேசுவர். லயத்து வாசலில் தந்தை மேல்சட்டையின்றி அமர்ந்து கோப்பிக்கு ரொட்டியைத் தோய்த்து, முதல் துண்டைக் கடைக்குட்டிக்குக் கொடுத்ததைப் பேசுவர். துத்தநாகத் தகட்டுக் கூரைமேல் மழை கொட்டும்போது ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமல் எல்லாரும் கத்திப் பேசிச் சிரித்ததைப் பேசுவர். ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களிடம் எஞ்சியிருப்பவை இவையே. துறந்தார்கள் என்று பிள்ளைகள் நினைக்கின்ற ஒன்றை அவர்கள் துறக்கவே இல்லை.

இதனால் தோட்ட வாழ்க்கை பொற்காலமாகிவிடாது. கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் மாலையைக் குடித்தது என்பது யாவரும் அறிந்ததே. கூலி குறைவு, மழை நாளில் மரம் வெட்ட இயலாது, வெட்டாத நாளுக்கு வருவாய் இல்லை. விடியுமுன் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற தாய்மார் பட்ட பாட்டைச் சிறுகதைகள் நிரம்பப் பதிவு செய்துள்ளன. ஈண்டுக் கருதத்தக்கது வேறொன்று. வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும் என்பதால் பால் வெட்டு இருள் பிரியும் வேளையில் தொடங்கும். பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்த பின் பிற்பகலில் பெரும்பாலோர் வீடு திரும்பிவிடுவர். அதன்பின் விறகும் தண்ணீரும் சமையலும் உண்டெனினும், அவை பிள்ளைகளின் கண்ணெதிரே நடந்தன. பிள்ளையின் பொழுதும் பெற்றோரின் பொழுதும் ஒரே வாசலில் சந்தித்தன. வெள்ளைக்காரத் துரை கருணையால் தந்த கொடையன்று அது. மரத்தின் இயல்பு தந்தது.

நகரத் தொழிற்சாலைக்கு அவ்வியல்பு கிடையாது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரம் 1972-இல் தொடங்கியது. அதுபோன்ற வட்டாரங்கள் பெருகப் பெருக, இரவும் பகலும் ஓடும் இயந்திரங்களுக்கு ஏற்பக் குடும்பங்கள் முறை வைத்து உறங்கலாயின. தந்தைக்குப் பகல் வேலை, தாய்க்கு இரவு வேலை. இருவரும் அடுக்குமாடியின் படிக்கட்டில் சந்தித்துச் சாவியைக் கைமாற்றிக்கொள்கின்றனர். ஜோகூர் பாருவிலிருந்து இருட்டோடு மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தை, பிள்ளை உறங்கும்போது புறப்பட்டுப் பிள்ளை உறங்கிய பின் திரும்புகிறார். பாதுகாவலர் பணியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்போர் பலர். இவர்களிடம் சென்று, 'பிள்ளைகளோடு சிறுசிறு இன்பங்களை நுகருங்கள்' என்று அறிவுரை கூறுவது பசித்தவனுக்குப் பதார்த்த குண சிந்தாமணி படித்துக் காட்டுவதை ஒக்கும்.

ஆதலின், இல்லத்துச் சிறுமகிழ்ச்சி என்பது மனநிலை பற்றிய செய்தி மட்டுமன்று. நேரம் பற்றிய வழக்கு. மேடைப் பேச்சாளர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 சனவரி முதல் நாள் தொட்டு வாரப் பணிநேரம் நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்து மணியாகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு அறுபது நாளிலிருந்து தொண்ணூற்றெட்டு நாளாயிற்று. தந்தைக்கு ஏழு நாள் விடுப்பு அச்சட்டத்தில் முதன்முறையாக இடம்பெற்றது. பிறந்த குழந்தையின் விரல்களை எண்ணிப் பார்க்கத் தந்தைக்கு ஏழு நாள் தருவதற்கு இந்நாட்டின் சட்டத்துக்கு 1955 முதல் இத்தனை ஆண்டுகள் பிடித்திருக்கின்றன! அது நிற்க. வாரத்துக்கு மூன்று மணி நேரம் திரும்பக் கிடைத்ததே, அது எங்கே போயிற்று? குறைந்த கூலிக்காரரின் வீட்டில் அது மிகைநேர வேலையாகிக் கரைந்தது. அவரைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. ஆனால் ஓரளவு வசதி உடையோர் வீட்டிலும் அந்த மூன்று மணி நேரம் காணக் கிடைக்கவில்லை. அங்கு அது எதற்கோ ஆயத்தப்படுவதிலேயே கழிந்தது.

எதற்கு என்று கேட்டால், பெரிதாக ஒன்றற்கு. முதல் பிறந்தநாளுக்கு மண்டபம், பூப்புநீராட்டுக்கு மண்டபம், இருபத்தொன்றுக்கு மண்டபம். கடன் வாங்கிக் கூட்டிய கூட்டத்தின் நடுவே குழந்தை மிரண்டு அழ, ஒளிப்படக்காரர் சிரிக்கச் சொல்கிறார். அக்கடனை அடைக்கத் தந்தை ஈராண்டு மிகைநேரம் உழைக்க வேண்டும். ஓரிரவின் படத்துக்காக எத்தனை இரவுகள் விற்கப்பட்டன என்பதை எந்தக் குடும்பமும் கணக்கிடுவதில்லை. தீபாவளியும் இவ்வழியிலேயே செல்கிறது. அத்திருநாளின் இன்பம் முந்திய வாரத்து இரவுகளில் இருந்தது. பாட்டி மாவு பிசைய, தந்தை முறுக்கு உரலை அழுத்த, பிள்ளைகள் ஒழுங்கற்ற முறுக்குகளை 'இது சரியில்லை' என்று சொல்லிச் சொல்லியே தின்று தீர்த்தனர். இன்று முறுக்கு டின்களில் வந்து இறங்குகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் நலமே. அந்த இரவுகளை மட்டும் எக்கடையிலும் விற்பதில்லை.

கைப்பேசியே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று முழங்குவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. அது எளிய பழி. பிள்ளையின் மாலையும் பெற்றோரின் மாலையும் ஏற்கனவே பிரிந்து கிடந்த வீட்டில், வெறுமையாயிருந்த இடத்தில் அக்கருவி வந்து அமர்ந்தது, அவ்வளவே.

இனி, தமிழ் கற்றவர்களின் பங்கு. சான்றாண்மையும் வீரமும் கொடையுமே தமிழிலக்கியம் என்று மேடைகளில் பேசிப் பேசி, அவ்விலக்கியம் வீட்டுக்குள் கண்டவற்றை மறைத்தவர்கள் அவர்களே. பரிசளிப்பு விழாக்களில் ஒலிக்கும் குறட்பாக்களைச் சற்று எண்ணுக. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யும் தந்தையின் கடமையும், மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக்கேட்ட தாயின் பெருமிதமும் அங்கே தவறாது ஒலிக்கும். இரண்டும் மக்கட்பேறு என்னும் ஏழாம் அதிகாரத்தில் உள்ளவை; ஒன்று 67, மற்றொன்று 69. அவற்றுக்கு முன்னரே 64, 65, 66 ஆகிய எண்களில் வள்ளுவர் பேசியது என்ன? குழந்தை கையிட்டு அளாவிய கூழ், குழந்தையின் மெய் தீண்டுவதால் வரும் இன்பம், மழலை. அவைக்கு அனுப்புமுன் மடியில் வைத்திருக்க வேண்டும் என்னும் வரிசை அதிகாரத்திலேயே இருக்கிறது. கூழை அளாவ விடாத வீடுகள் நேரே 67-க்குத் தாவப் பார்க்கின்றன! பிள்ளை தட்டில் கையிட்டால் சட்டை கறைபடும் என்று ஏழு வயது வரை ஊட்டிவிட்டு, எட்டாம் வயதில் அவையில் முந்தியிருக்கச் சொல்கின்றன.

பாண்டியன் அறிவுடைநம்பி முடிவேந்தன். பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் படைத்தவன். புறநானூற்றின் 188-ஆம் பாட்டு அவன் பாடியது. வாழ்நாளின் பயன் எது என்று கூற வந்த அரசன் போரையோ புகழையோ காட்டவில்லை. குறுகுறு நடந்து வந்து நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டினான். ஐங்குறுநூற்றில் பேயனார் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே படுத்துறங்கும் புதல்வனைக் காட்டுகிறார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பருவங்கள் எவை? தலையசைத்து ஆடுவது, கைகொட்டுவது, முத்தம் தருவது, அழைத்தால் வருவது, நிலவை விளையாடக் கூப்பிடுவது. கடவுளையே பாடும்போதும் புலவர்க்கு அளவுகோலாக அமைந்தவை இவைதாம். பருவங்கள் பத்தையும் வரிசைபட ஒப்புவிக்கும் மாணவர் பலர் உளர். தம் வீட்டுத் தம்பி முதன்முதல் கைகொட்டிய நாளை ஏட்டில் எழுதலாம் என்று அவர்க்குச் சொன்னவர் சிலரே.

குறுந்தொகை 167-ஆம் பாட்டு இவ்வழக்கில் இன்னும் ஒரு படி மேலே செல்லும். கூடலூர் கிழார் பாடியது. மணமகளின் இல்லறத்தைக் கண்டு திரும்பிய செவிலி நற்றாய்க்குக் கூறுவதாக அமைந்தது. தயிர் பிசைந்த விரல், அவசரத்தில் துடைத்த ஆடை, தாளிப்புப் புகை படிந்த கண், தானே துழாவிச் சமைத்த குழம்பு. கணவன் உண்டு, இனிது என்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. பாட்டு அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கால இலக்கியச் செல்வத்துள் இத்துணைச் சிறிய நிகழ்ச்சி இடம்பெற்றிருக்கிறது என்று வியப்பவர்கள், தம் வீட்டில் கடைசியாக எப்பொழுது அச்சொல் கூறினர் என்பதையும் நினைவுகூர வேண்டும். உப்புக் கூடினால் மட்டும் வாய் திறக்கும் ஆண்கள் நிறைந்த வீடுகளில் சிறுமகிழ்ச்சி எங்ஙனம் விளையும்?

பெண்கள் பக்கத்திலிருந்து எழும் மறுப்பு ஒன்று உண்டு, அது நேர்மையானது. வீட்டின் சின்னஞ்சிறு இன்பங்கள் என்று புகழப்படுபவை அனைத்தும் ஒருத்தியின் இடுப்பொடிந்த உழைப்பின் மேல் நிற்கின்றன. ஏனையோர் நுகர, அவள் நிற்கிறாள் என்பது அம்மறுப்பு. இதனை மறுக்க இயலாது, ஏற்கத்தான் வேண்டும். ஏற்றபின் செய்ய வேண்டியது இன்பத்தைக் கைவிடுவதன்று, வேலையைப் பங்கிடுவது. முருங்கைக்கீரையை ஒருத்தி தனியே ஆய்ந்தால் அது வேலை. நால்வர் ஒரு முறத்தைச் சுற்றி அமர்ந்து ஆய்ந்தால், பேச்சு எங்கோ தொடங்கி எங்கோ போய்க் கீரை தீர்ந்தபின்னும் தீராது. நெத்திலியின் தலையைக் கிள்ளுவதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. தந்தைக்கும் விரல்கள் உள்ளன. டுரியான் பருவத்து இரவில் நாளிதழை விரித்துப் பழத்தைப் பிளக்கும்போது மட்டும் முன்வந்து அமரும் ஆண்மக்கள், மறுநாள் தோலை அள்ளிக் கொட்டவும் முன்வரலாம்.

எழுத்தாளருள் சிலர் வேறொரு காரணத்தால் இப்பொருளை இகழ்வர். வேலை நிறுத்தமும் வறுமையும் உரிமையுமே எழுதத்தக்கவை. வீட்டுச் சிரிப்பைப் பாடுவது போராட வேண்டியவனைத் தாலாட்டுவதாகும் என்பது அவர் கருத்து. உள்ளது போதும் என்று அடங்கியிருக்கச் சொல்லும் எழுத்தைக் குறித்து அவ்வாறு சொல்வது தகும். ஆயின், போராடியவர்கள் எதற்காகப் போராடினர்? கூலி உயர்வு கேட்டவன் நாணயத்தைக் கட்டிப்பிடித்து உறங்கவா கேட்டான்? பணிநேரத்தைக் குறைக்கச் சொன்னவன் அக்குறைந்த நேரத்தில் என்ன செய்ய எண்ணியிருந்தான்? மாலை வெயிலில் மகளை மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்த்திக் கடைத்தெரு வரை போய்வர எண்ணியிருக்கக் கூடும். அதை எழுதாமல் கூலியை மட்டும் எழுதும் கதையில் தொழிலாளிக்குக் கைகள் உண்டு, வீடு இல்லை.

ஆசிரியர்களால் ஆகக்கூடியது மிகச் சிறிதே; ஆயினும் இத்திங்களே தொடங்கலாம். 'மறக்க முடியாத நாள்' என்னும் தலைப்பை ஓராண்டுக்கேனும் ஓய்வெடுக்க விட்டு, 'நேற்று மாலை எங்கள் வீட்டில்' என்று கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும். மரபுத்தொடரும் பழமொழியும் இல்லையென்று மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டா. பொற்கதிர் பரப்பும் கதிரவனுக்கு விடுமுறை அளிக்கலாம். மாலையில் அவனுக்கு வேலையில்லை. யார் என்ன சொன்னார், எதற்குச் சிரித்தனர், எந்தக் கறியை யார் யாருக்குத் தள்ளிவைத்தார் என்பவற்றை மட்டும் எழுதச் சொல்லலாம். முதல் வாரம் பல ஏடுகள் இரண்டு வரியோடு நின்றுவிடும். சில வெறுமையாகவே வரும். அவற்றைத் திருத்தவும் வேண்டா, திரும்ப எழுதச் சொல்லவும் வேண்டா. பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில் மதிப்பெண் அட்டையைக் கொடுக்குமுன், அவ்வெற்றுத் தாளை முதலில் அவர்கள் கையில் கொடுக்கட்டும்.